வந்த முதுகுவலியைப் போகவிடாமல் காப்பது எப்படி?

முதுகுவலியை வரவழைக்கப் பயிற்சி எதுவும் தேவையில்லை. 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்பது உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்கு. 2050-ல் அது 84.3 கோடியாக இருக்குமாம். கழுத்துவலிக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். அதே ஆண்டில் அவர்கள் 20.3 கோடி. ஆளை உயிரோடு வைத்துக்கொண்டே முடக்கிப்போடும் காரணங்களில் உலகத்திலேயே முதலிடம் கீழ்முதுகு வலிக்குத்தான். ஆகவே கடலூரிலோ சிதம்பரத்திலோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதால் உங்களுக்குத் தனிப்பெருமை எதுவும் கிடைத்துவிடாது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் டீக்கடை பெஞ்சிலிருந்து "முருகா" சொல்லாமல் எழுந்தால், அவர்தான் ஊரில் வேடிக்கை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திடீரென்று பிடித்துக்கொண்ட முதுகு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே விட்டுவிடும். இந்தத் தகவலை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் போதும், ஒன்றரை மாதத்தில் வலி காணாமல் போய்விடும். அப்புறம் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் என்ன காரணம் சொல்வீர்கள்?

அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. வரவழைக்கும் பாடங்கள் உங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வோம். தக்கவைக்கும் பாடங்களில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். அங்கே வந்ததும் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. உட்காருங்கள். அப்படியே இருங்கள்.

ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒரு காலத்தில் சுழன்று இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட நாற்காலி ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். சாய்மானத்தின் மேல் பூத்துவாலை ஒன்றைப் போடுங்கள். துவாலை மரியாதைக்குத்தானே தவிர முதுகுக்கு அல்ல. உங்கள் முதுகு அதில் படவே கூடாது. இருக்கையின் விளிம்புக்கு வந்து, முகத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குள் நுழைக்கிற மாதிரி நீட்டுங்கள்.

இனி எழுந்திருக்காதீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளை நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். பெரியவர்களின் உடம்பில் அதற்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் எழுந்து, நடந்து, சாய்ந்து, அழுத்தம் மாறி மாறி விழும்போதுதான் அதற்குள் நீர் போய் வரும். ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற மருத்துவர் 1960-களில் உயிரோடு இருக்கும் மனிதர்களின் வட்டுக்குள் ஊசி செருகியே அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, முன்னால் சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்று தெரிந்தது. அவ்வளவு சிரமப்பட்டு அவர் கண்டுபிடித்ததை நீங்கள் தினமும் காலை பத்து மணிக்கே செய்துவிடுகிறீர்கள். பாராட்டுகள்.

தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டாம், கழிப்பறைக்கு நடக்க நேரும். ஃபைல் வேண்டுமென்றால் "தம்பி, அதைக் கொஞ்சம் எடு" என்று சொல்லுங்கள். அந்தத் தம்பிக்குத்தான் முதுகுவலி வராது. அது அவன் தலைவிதி.

2. போனைப் பாருங்கள்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்குப் போட்டார். தலை 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ மாதிரி, 30 பாகைக்கு 18 கிலோ, 60 பாகைக்கு 27 கிலோ. இந்தக் கணக்கு வாட்ஸப்பில் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். 60 பாகையில் குனிந்தபடி நீங்களும் அதை நாலு குழுக்களுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

ஆனால் குனிந்தாலே போதும் என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். ஹன்ஸ்ராஜ் போட்டது கணினி மாதிரியை வைத்த கணக்கு. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ளவர்களைப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், போன் பார்க்கும்போது கழுத்து நிற்கும் விதத்துக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு தெரியவில்லை. கொஞ்சம் குனிந்தோம், நிமிர்ந்தோம், திரும்பினோம் என்றால் கழுத்து தாங்கிக்கொள்ளும். அப்படி விட்டால் உழைப்பெல்லாம் வீண். நேரத்தைக் கூட்டுங்கள். இரவு பத்து மணிக்குக் குப்புறப் படுத்து, தாடைக்கு முட்டாகத் தலையணையை வைத்து, ரீல்ஸைத் திறவுங்கள். பெருவிரலைத் தவிர வேறெதுவும் அசையக் கூடாது. பன்னிரண்டரைக்கு மேல் கண் எரியும்போது அப்படியே தூங்கிவிடுங்கள். காலையில் கழுத்து வலப்பக்கம் மட்டும் திரும்பும். இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் ஆளோடு திரும்ப வேண்டும்.

3. வண்டியில் ஏறுங்கள்.

பைக் என்றால் முதலில் பர்ஸ். ஆதார், ஓட்டர் அட்டை, பழைய ஏடிஎம் ரசீதுகள், 2016-ல் செல்லாமல் போய் இன்னும் தூக்கியெறிய மனம் வராத ஐநூறு ரூபாய் நோட்டு, எல்லாவற்றையும் ஒரே பர்ஸில் திணித்துப் பின்பாக்கெட்டில் வைத்து, அதன் மேல் உட்காருங்கள். இடுப்பு ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். கால்வரை போகிற நரம்பும் தன் பங்குக்கு நசுங்கும். மஞ்சக்குப்பத்தைத் தாண்டுவதற்குள் போன் வரும். தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கி, தலையை அப்படியே சாய்த்துப் பேசிக்கொண்டே போங்கள். ஹெல்மெட் போட்டிருப்பவர்கள் அதற்குள் செருகிக்கொள்ளலாம். கழுத்து தப்பித்துவிடும் என்று பயப்படாதீர்கள், மேடு பள்ளம் பார்த்துக்கொள்ளும்.

பஸ் என்றால் கடைசி வரிசை. கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று எத்தனை வேகத்தடை வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு முதுகாலேயே எண்ணலாம். ஒவ்வொன்றிலும் ஆள் அரை அடி மேலே போய், தூங்கி விழுந்த தலை முன் சீட்டுக் கம்பியில் முட்டித் திரும்ப வேண்டும். இதையே நாள் முழுக்கச் செய்கிற டிரைவர்களுக்கு முதுகுவலி அதிகம். உடம்புக்குள் இடைவிடாமல் ஏறும் அதிர்வு அதற்கு ஒரு காரணம் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. உங்களுக்குத் தினமும் இரண்டு வேளைதான் வாய்க்கிறது. சீட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

4. வாரம் முழுக்க அசையாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்குங்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. சமையல் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவைத் தொடும். இரண்டுமே முதுகுக்கென்றே வாய்த்த அளவு. இரண்டு பேராகத் தூக்கலாம், சிலிண்டரைச் சாய்த்து உருட்டலாம். இரண்டையும் செய்யாதீர்கள். மச்சினர் வந்திருக்கும் நாளில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேனை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தூக்கிக்கொண்டே திரும்பி, "இதெல்லாம் ஒரு வெயிட்டா மாப்ளே" என்று சொல்லுங்கள். "மாப்ளே" என்ற சொல்லில் பிடித்துக்கொள்ளும்.

இந்த வகுப்பில் சேரத் தேவையே இல்லாத சிலரை இங்கே சொல்லிவிட வேண்டும். வீராணம் ஏரிப் பாசனத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கம், சம்பா நடவுக்கு இறங்கும் பெண்கள் சேற்றில் இடுப்பை மடித்தால் மடித்ததுதான். பின்னோக்கி நகர்ந்தபடியே ஒரு பாத்தி முடிகிற வரை நிமிர்வதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி லாரிக்குப் போகிறவர், அன்றைக்கு எத்தனை மூட்டையோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால் நடுவில் உட்காருவதில்லை. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற, தோல் உரிக்கிற பெண்களும், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸோடு மீன்கூடையைத் தலையில் ஏற்றுகிறவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள். ஆபீஸ்காரர்கள் அசையாமல் சம்பாதிக்கும் வலியை இவர்கள் ஓயாமல் சம்பாதிக்கிறார்கள். இவர்களுக்கு ஸ்கேன் இல்லை, லீவு இல்லை, "எனக்கு முதுகுவலி" என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இரவில் கொஞ்சம் தைலம், காலையில் மறுபடியும் வயல். நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வரப்பின் மேல் குடையோடு நின்று, "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்கம்மா" என்று அறிவுரை சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒருவர் இருப்பார். உலகக் கணக்கில் கீழ்முதுகு வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். உங்கள் வலியைப் பற்றி அவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். அவர் துணி அலசிக்கொண்டே கேட்பார்.

ஜவுளிக்கடை முதலாளிகளுக்குத் தனிக் குறிப்பு. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். மனம் தளராதீர்கள். ஸ்டூலை வாங்கிப் போடுங்கள். அதன் மேல் பிரித்த புடவைகளை அடுக்கி வையுங்கள். சட்டமும் நின்றது, பிள்ளைகளும் நிற்பார்கள்.

5. வலி வந்துவிட்டதா? படுங்கள்.

இனிதான் உண்மையான பாடம். அந்த முதல் மூன்று நாட்களில் உங்களுக்குள் ஒரு ஆபத்தான எண்ணம் வரும்: கொஞ்சம் எழுந்து நடந்தால் தேவலை போலிருக்கிறதே என்று. அதை முளையிலேயே கிள்ளுங்கள். 1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்பவர் சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், வேலைக்குப் போகாத நாட்கள் கூடியதுதான். 1995-ல் பின்லாந்தில் இன்னும் மோசம். முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் படுத்தவர்களைவிட, தனியாக உடற்பயிற்சி செய்தவர்களைவிடவும், சீக்கிரம் தேறினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997-ல், முதுகு பிடித்தால் முடங்காதீர்கள் என்று தொலைக்காட்சி விளம்பரமே கொடுத்து, மக்கள் மனதைக் கெடுத்தது.

நமக்கு அந்த விளம்பரம் வரவில்லை. ஆகவே கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துப் போக வசதியாக இருக்கும். சாத்துக்குடி வாங்கி வருவார்கள். "ரெண்டு மாசம் அசையக் கூடாதாம்" என்று நீங்களே ஒரு கெடுவைச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் கௌரவத்துக்காகவாவது அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

6. ஸ்கேன் எடுங்கள். டாக்டர் வேண்டாம் என்றாலும் எடுங்கள்.

இது முக்கியமான படி. இதைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகுப் படங்களை ஒன்றுசேர்த்து 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இருபது வயதில், ஒரு நோவும் இல்லாதவர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். வட்டு பிதுங்கியிருப்பது இருபதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். தலையில் நரை விழுகிற மாதிரி முதுகிலும் விழுகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. இதைவிட நம்பகமான முதலீடு சீட்டுக் கம்பெனியிலும் கிடையாது.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவர் "வயசுக்கு இது சகஜம்" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார். நீங்களே படியுங்கள். புரியாத சொல் ஒவ்வொன்றையும் இரவு ஒரு மணிக்குக் கூகிளில் தேடுங்கள். காலையில் சிதம்பரம் கீழவீதியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் இப்படிப் போகும்:

"என்னாண்ணே, சாஞ்சி நடக்குறீங்க?"

"எல்-ஃபோர், எல்-ஃபைவ்."

"அட, எனக்கும் அதான்! மச்சானுக்கு எல்-ஃபைவ், எஸ்-ஒன்."

"ஐயையோ, அது ரொம்ப மோசமாச்சே."

கோத்திரம் விசாரிப்பதுபோல இப்போது எலும்பு விசாரிக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு முகவரி கிடைத்துவிட்டது. "ஜவ்வு விலகிடுச்சு" என்று இனி எங்கேயும் சொல்லலாம். அது எங்கே விலகியது, ஏன் திரும்பி வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

7. பெல்ட் கட்டுங்கள்.

சட்டைக்கு மேலே. உள்ளே கட்டினால் யாருக்குத் தெரியும்? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மனப்பயிற்சி என்றெல்லாம் அதில் பரிந்துரைத்துவிட்டு, இடுப்புப் பெல்ட்டையும் எடை கட்டி இழுப்பதையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் வைத்தார்கள். ஜெனிவாவில் இருப்பவர்களுக்கு நம் ஊர் மரியாதை தெரியாது. பெல்ட் கட்டியவருக்கு பஸ்ஸில் எழுந்து இடம் தருவார்கள். அங்கே உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

8. கேட்டவர் சொன்னதையெல்லாம் செய்யுங்கள். ஒரே வாரத்தில்.

திங்கட்கிழமை கோடாலித் தைலம். செவ்வாய் சுளுக்கு எடுப்பவர். புதன் வாயுப்பிடிப்பு என்று உருளைக்கிழங்கை நிறுத்துங்கள். வியாழன், கடையில் யாரோ கேட்காமலே கொடுத்த மூன்று நிற மாத்திரை. அதில் ஒன்று வயிற்றைப் புண்ணாக்கும், ஆனால் முதுகை மறக்கடிக்கும். வெள்ளிக்கிழமை, கால் முன்னே வந்து பிறந்தவர் யாராவது தெருவில் இருக்கிறாரா என்று விசாரித்து, முதுகில் மிதிக்கச் சொல்லுங்கள். உருவிவிட்டால் இதமாகத்தான் இருக்கும், அந்த உலக சுகாதார நிறுவனமே அதைத் தள்ளிவிடவில்லை. அந்த இதத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தில்லைக் கோயிலில் எல்லோரும் தூக்கிய திருவடியைத்தான் பார்க்கிறார்கள். நம்மவர்கள் பார்க்க வேண்டியது ஊன்றிய திருவடிக்குக் கீழே. முயலகன் குப்புறக் கிடக்கிறான், முதுகில் ஒருவர் நிற்கிறார், கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டிருக்கிறான். குப்புறப் படுத்து ரீல்ஸ் பார்க்கிற கோலம் அப்படியே. நம் சங்கத்துக்கு ஒரு புரவலர் வேண்டுமென்றால் அவனைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள்?

அதே கோயில் கோபுரங்களில் 108 கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி முதுகைப் பின்னுக்கு வளைத்துப் பாதத்தைத் தலைக்கே கொண்டுபோகிறாள். முதுகு எதற்கெல்லாம் ஆகும் என்று கல்லில் அடித்துக் காட்டுகிற அந்தப் பக்கம் போக வேண்டாம். எப்படியும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

9. பயப்படுங்கள்.

படுக்கை, ஸ்கேன், பெல்ட் எல்லாம் துணைக் கருவிகள். முதலாளி இதுதான். இனி வாழ்நாளில் செய்யக் கூடாதவற்றைப் பட்டியல் போடுங்கள். குனியக் கூடாது. பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது. தரையில் சப்பணம் போடக் கூடாது. பயம் வந்தால் அசைவு குறையும், அசைவு குறைந்தால் தசை சோரும், சோர்ந்த தசை சின்ன வேலைக்கும் வலிக்கும், வலித்தால் "பார்த்தியா, சொன்னேனே" என்று பயம் இன்னும் கூடும். ஒருமுறை சுழற்றிவிட்டால் போதும், பிறகு அது தானாக ஓடும்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் ஆண்டுக்கு இருமுறை தேர் வரும். வடம் பிடிக்காதீர்கள். படம் பிடியுங்கள். மாடியிலிருந்து, கழுத்தை மடக்கி.

இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் விடாதீர்கள், அதுவும் முதுகுவலிக்குத் துணை போகிறது என்று கண்டிருக்கிறார்கள். பார்க்கிற வேலையை மனதார வெறுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையில் மூவாயிரம் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்து 1991-ல் எழுதினார்கள்: வேலை கொஞ்சமும் பிடிக்காதவர்கள் முதுகு போச்சு என்று வந்து நிற்பது மற்றவர்களைவிட 2.5 மடங்கு. வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை, அது நிஜம்தான். ஆனால் முதுகு எலும்பு மட்டும் அல்ல, மேலதிகாரியும் அதில் ஒரு கண்ணி.

10. இங்கே மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, காலில் வலு குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றாலும் காத்திருக்காதீர்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலைநகரிலேயே மருத்துவக் கல்லூரி. 1985-ல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கி, 2021-ல் அரசு எடுத்துக்கொண்டது. இந்த ஒரு வகை வலி நம் பாடத்திட்டத்தில் கிடையாது. மற்றபடி நூற்றில் தொண்ணூறு பேருக்குக் குறிப்பான நோய் என்று ஒன்றும் அகப்படாது. அவர்கள் வகுப்பைத் தொடரலாம்.

11. பிசியோதெரபிஸ்ட் வந்தால் ஒளிந்துகொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இந்த ஆபத்து ஆஸ்பத்திரிக்குப் போனால்தான். 2021 ஆகஸ்டு 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வருகிறார்கள். கட்டணமும் கேட்க மாட்டார்கள், அதனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தட்டிக்கழிப்பதும் கஷ்டம். மாத்திரை தர மாட்டார், தைலம் தடவ மாட்டார். "முழங்காலை மடக்குங்க, இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்க, பத்துவாட்டி" என்பார். பார்க்க அற்பமாக இருக்கும். அதுதான் அதிலுள்ள சூழ்ச்சி.

மாட்டிக்கொண்டால் அவர் எதிரில் மட்டும் செய்யுங்கள். அவர் வரைந்து கொடுத்த தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வையுங்கள். அடுத்த வாரம் அவர் "செஞ்சீங்களாப்பா?" என்று கேட்டால், "எங்கம்மா, வலியில எப்படிச் செய்றது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

12. இவ்வளவுக்கும் பிறகு வலி போய்விட்டால்?

போகும். சிலருக்கு எத்தனை கட்டுக்காவல் போட்டாலும் போய்விடும். கலங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில், அப்போதுதான் முதுகுவலி விட்டுப்போன 701 பேரை எடுத்துக்கொண்டு பாதிப் பேரை நடக்கப் பழக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இலக்கு. 2024-ல் லான்செட்டில் வந்த முடிவு: நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. சும்மா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. ஆக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதாவது, ஒன்றுமே செய்யக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர்தான் தொந்தரவு. விடிகாலையில் வாசலில் நின்று, "சில்வர் பீச் வரைக்கும் போயிட்டு வரலாம், வர்றீங்களா சார்?" என்பார். பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில். ஆனி, ஆடியில் காற்று. ஐப்பசியில் மழை. கார்த்திகையில் புயல், கடலூரில் இருந்துகொண்டு இதை யாரும் மறுத்துப் பேச முடியாது. மார்கழியில் பனி. பங்குனியில் பையனுக்குப் பரீட்சை. தை, மாசிதான் கொஞ்சம் இடறும், வானமும் தெளிவாக இருக்கும், காலும் சும்மா இருக்காது. அதற்கென்றே பீரோவில் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே, எடுத்துக் காட்டுங்கள். ஆவணி, புரட்டாசிக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை "கழுத்து கொஞ்சம் பிடிச்சிருக்கு சார்" என்று சொல்லிவைப்போம்.